பனிக்கடலுக்குப் புறப்படும் மகளுக்கு

கோபிசெட்டிபாளையம்
ஆடி மாதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். கேப் டவுனுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. கப்பல் கிளம்பிய பிறகு இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்று நீ சொல்லியிருந்ததால், சொல்ல நினைத்ததை எல்லாம் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சென்ற வாரம் உன் பெரியப்பா வீட்டு விசேஷத்தில் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, செயற்கைக்கோள் மேலிருந்தே எல்லாவற்றையும் படம் பிடிக்கிற இந்தக் காலத்தில், நடுக்குளிரில், தென்துருவக் கடலுக்கு உங்கள் பெண் எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளியில் அறிவியல் நடத்தியவள் என்பதால் எனக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு எத்தனை ஏக்கர் என்று நம் ஊரில் யாராவது விசாரிக்கிறார்களா என்று கேட்டேன். இன்றைக்கு எத்தனை அடி, 105 அடியைத் தொட இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களை நம்பி நாற்று விடுகிறவர்களுக்கு அந்த அடிக்கணக்குத்தான் வேண்டும். கடல்நீரே உறைந்து மிதக்கும் கடற்பனியின் பரப்பை 1978ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் சொல்லிவருகின்றன. அதன் தடிமன்தான் இன்னும் பிடிபடாமல் இருக்கிறது, அதை அளக்கத்தான் இவள் போகிறாள் என்று விளக்கியபோது உன் பெரியப்பா தலையசைத்தார்.

மேலிருந்து உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதியை அளந்து, மூழ்கியிருக்கும் பெரும்பகுதியை அவை கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பனிக்கட்டியின் மேல் எவ்வளவு வெண்பனி படிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அண்டார்டிகாவிலோ பல இடங்களில் வெண்பனியின் பாரம் தாங்காமல் பனிக்கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து, கடல்நீர் ஏறி, அந்த வெண்பனியையே நனைத்து மறுபடியும் உறைய வைத்துவிடுகிறது. துளையிட்டு அளந்து பார்க்காமல் இதை எப்படி உறுதி செய்வது? வழக்கமாகச் செப்டம்பரில் சுமார் 1 கோடியே 85 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை விரியும் அந்தப் பனி, 2023இல் 1 கோடியே 70 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே சுருங்கியிருந்தது. பரப்பே இப்படிக் குறைகிறது என்றால் எஞ்சியிருக்கும் பனி எவ்வளவு தடிமனானது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பதால்தான், உன்னை அனுப்பி வைக்க நான் முழு மனதோடு சம்மதித்தேன்.

தெற்கே நாற்பதாம் அட்சரேகையைத் தாண்டியதும் மேற்குக் காற்று வேகம் பிடித்துக் கப்பல் உருளும். வெறும் வயிற்றோடு இருக்காதே. சுக்குப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் பையின் பக்க அறையில் இருக்கின்றன. பனி விளிம்புக்குள் நுழைந்த பிறகு, மிதக்கும் பனியே அலையின் வேகத்தைத் தின்றுவிடுவதால் ஆட்டம் வெகுவாக அடங்கிவிடும். நீ அனுப்பியிருந்த படங்களில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அந்த விளிம்புதான். கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி அளவில் உறையத் தொடங்கி, முதலில் ஊசி ஊசியான படிகங்களாக, பிறகு எண்ணெய் படிந்தாற்போன்ற மங்கலான கூழாகி, அதன்பின் அலையில் ஒன்றோடொன்று மோதி மோதி ஓரம் மடிந்து உயர்ந்த வட்டத் தட்டுகளாகத் திரள்வதை நேரில் பார்க்கப் போகிறவள் நீ. அங்கிருந்து கப்பலின் மேல்தளத்தில் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கும் வேலையும் தொடங்கிவிடும் என்றாய். கப்பல் உடைத்துப் புரட்டிப்போடும் துண்டுகளின் குறுக்குவெட்டைப் பார்த்துத் தடிமனை மதிப்பிடுவது கண்ணுக்குப் பழக வேண்டிய வேலை. நடுராத்திரி முறை உனக்கு வந்தாலும் முந்தைய மணியில் குறித்ததையே திரும்ப எழுதிவிடாதே.

துளையிட்டு எடுக்கும் பனித்தண்டைப் பற்றி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. வெளியே எடுத்த கணத்திலிருந்தே அதன் நுண்துளைகளில் தேங்கியிருந்த உப்புநீர் ஒழுகிப் போய்விடும் என்பதால், விரல் மரத்தாலும் உடனே சிறு துளைகள் போட்டு வெப்பமானியைச் செருகி, வரிசையாகக் குறித்து, துண்டு போட்டுப் பையில் அடைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் பழுப்பு நிறம் தெரிந்தால் அதைத் தனியே பத்திரப்படுத்து. அது அங்கே ஒட்டி வாழும் பாசி. குளிர்காலம் முழுவதும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரின் குஞ்சுகளுக்குச் சோறு போடுவது அதுதான். உறையும்போது பனி வெளியே தள்ளும் உப்பால் கனத்த குளிர்நீர், அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் அடியில் இறங்கி, மெல்ல மெல்ல நம் இந்தியப் பெருங்கடலின் ஆழம் வரைக்கும் பரவுகிறது என்பதை உன் அப்பாவுக்குச் சொன்னேன். அப்படியானால் நம் பெண் நம் கடலுக்குத்தான் வேலை செய்கிறாள் என்றார்.

1915இல் அதே வெடல் கடலில் தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலைப் பனி நெருக்கி நொறுக்கியது என்பதை உன் அப்பா எங்கோ படித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருந்தார். அந்தக் கப்பலில் இருந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதையும், 2022இல் அதை 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்த குழு, கேப் டவுனிலிருந்து கிளம்பிய பனியுடைக்கும் கப்பலில்தான் போய் வந்தது என்பதையும் எடுத்துச் சொன்ன பிறகே சற்றுத் தேறினார். ஆகவே நீ எங்களுக்காகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பனிமேல் இறங்கும் நாளில் பாதுகாப்புப் பொறுப்பாளர் திரும்பி வா என்றால், துளை பாதியில் நின்றாலும் கருவியை விட்டுவிட்டு உடனே திரும்பிவிடு. எதிர்ப்பேச்சு பேசாதே.

அம்மா பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீ வந்ததும் மூவருமாகப் போய் வருவோம். மின்னஞ்சல் அனுப்ப முடிகிற முதல் நாளில் நலமாக இருக்கிறாய் என்பதோடு, முதல் துளையில் தடிமன் எத்தனை சென்டிமீட்டர், மேலே வெண்பனி எவ்வளவு என்பதையும் எழுது. பெரியப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா