மூன்று விரல் நுழைகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விழிப்புணர்வு வந்தால் வெற்றிலைப் பழக்கம் தானாகக் குறைந்துவிடும் என்று சென்ற வாரக் கட்டுரையில் படித்தேன். ரங்கூன் தாம்வேயில் பத்தொன்பது வருஷம் குன்யா கடை போட்டிருந்தவன் நான். பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடிக்கிற வெற்றிலையைத்தான் பர்மாவில் குன்யா என்போம். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

குன்யா கெடுதல் என்று தெரியாமல் என் கடைக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரு தடவை கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில், இனிமேல் தொடமாட்டோம் என்று கை தூக்கினவர்கள், அன்னதானம் முடிந்ததும் என் கடை முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் கை தூக்கினார்கள். வெற்றிலை நல்லதா கெட்டதா என்றுதான் அங்கே கேட்டார்கள். இன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உளவியல் படித்த என் மகள் சொல்லித்தான் புரிந்தது. டேவிட்சன், ஜக்கார்ட் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு அது. கருத்தடையைப் பற்றிப் பெண்கள் பொதுவாகச் சொன்ன கருத்துக்கும் அவர்கள் பிறகு மாத்திரை சாப்பிட்டதற்கும் இருந்த ஒட்டுறவு வெறும் 0.08. இந்த அளவில் 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். அடுத்த இரண்டு வருஷத்தில் நீங்களே மாத்திரை சாப்பிடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலில் அது 0.57.

பிடித்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது ஆத்தா வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நகத்து நுனியில் சுண்ணாம்பு தொட்டுத் தடவி, ஏலக்காய் ஒன்று வைத்து வாயில் ஊட்டிவிடுவார்கள். அந்த வாசனையும் அவர்கள் மடியும் எனக்கு ஒன்றுதான். சுவரில் ஒட்டின நோட்டீஸ் அதை எப்படி அழிக்கும்?

என் மனசை மாற்றியது என் மச்சானின் வாய். சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை என்றார். டாக்டர் விரல்களை அடுக்கி உள்ளே வைக்கச் சொன்னார். நல்ல வாய்க்கு மூன்று விரல் நுழையும். அவருக்கு ஒன்றுதான் நுழைந்தது. உள்கன்னம் தோல்வார் மாதிரி விறைத்து வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் என் வாயில் வைத்துப் பார்த்தேன், இரண்டு. மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

அடுத்த முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரையும் கண்ணாடி முன்னால் நிறுத்தி, விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் என்ன போடப் போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். சோம்பும் கிராம்பும் கட்டின பொட்டலம் ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். பொட்டலம் கட்ட நான் வருகிறேன், பழகின கை.

இப்படிக்கு,
முன்னாள் குன்யா கடைக்காரன்,
தாம்வே, ரங்கூன்.