முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு இன்னொன்று

கோத்தகிரி
நவம்பர் 18

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுவாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றும், மருத்துவரே சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார் என்றும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்வி என்னைப் பத்து நாள் யோசிக்க வைத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சூலூர்ப் பக்கத்து மண்பாதை, மாதம் ஒரு முறை இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள், இரண்டுக்கும் நடுவே தார்ச்சாலை. இவை அனைத்துக்கும் பொருந்துகிற ஒரே டயரின் பெயரை ஒரு வரியில் எழுதி அனுப்பச் சொல்கிறாய். அப்படி ஒரு டயர் இருக்கிறது என்று நம்பித்தான் நான் காறை எலும்பை முறித்துக்கொண்டேன்.

அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆர்லிக்ஸ் பாட்டிலுடன் நீ என்னைப் பார்க்க வந்தபோது, மழையில் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொன்னேன். உண்மையில் அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு கடைக்காரர் எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று சொன்ன டயரை இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே ஜோடியாக மாட்டியிருந்தேன். நடுவில் நெருக்கமான, உயரம் குறைந்த பட்டன்கள். கோடையில் அது பறந்தது. நவம்பரில் ஒரு காலை, மழை விட்ட அரைமணி நேரத்தில், தோட்டப் பாதையின் வளைவொன்றில் செம்மண் களியின் மேல் கற்பூர மரத்து இலைகள் படிந்து கிடந்தன. முன்சக்கரம் நழுவியதை நான் உணர்வதற்குள் தோள் தரையில் பட்டுவிட்டது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் டயரைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

(பட்டன் என்பது லாரிப் பட்டறைச் சொல். டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகையால் அதையே எழுதுகிறேன்.)

நான் கண்டுகொண்டது இதுதான். பின்சக்கரம் நழுவினால் சைக்கிளின் வால் ஒருபுறம் ஒதுங்கும். ஓட்டுபவன் உடம்பை அசைத்துச் சமாளித்துக்கொள்வான். முன்சக்கரம் நழுவினால் சமாளிக்க நேரமே கிடைப்பதில்லை. அதே சமயம், உட்கார்ந்து மிதிக்கும்போது உடல் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகவே டயர் உருளுவதற்குத் தடை கொடுத்தால் கால் அதைப் பின்னால்தான் அதிகம் உணரும். எனவே முன்டயரை நீ சந்திக்கப்போகும் மிக மோசமான தரையை மனதில் வைத்தும், பின்டயரை நீ அதிகம் ஓடும் சாதாரணத் தரையை மனதில் வைத்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜோடி பொருந்தவில்லையே என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் கல்யாணத்துக்கு ஜோடி பார்த்துப் பழகியவர்கள்.

உனக்கு மிக மோசமான தரை இங்கே மலையில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிச் செம்மண் சோப்பைப் போல் ஆகிவிடும். அதில் உயரமான, இடைவெளி விட்டு நிற்கும் பட்டன்கள் மேல்களியை வெட்டி உள்ளே இறங்கும். இடைவெளி இருப்பதால் அப்பிய மண் அடுத்த சுற்றிலேயே தெறித்து விழும். நெருக்கமான பட்டன்களில் மண் அடைத்துக்கொண்டால் டயர் மொட்டையாகிவிடும். என்னை விழத்தட்டியது அதுதான். ஆனால் பட்டனின் உயரம் பாறைக்கு உதவாது. இங்குள்ள கரும்பாறை பாசி பிடித்து ஈரமாக இருக்கும்போது பட்டன் எதையும் வெட்ட முடியாது. அங்கே ரப்பரின் மென்மை ஒன்றுதான் பிடித்துக்கொள்ளும். கடினமான ரப்பரில் எவ்வளவு அழகாகப் பட்டன் வார்த்திருந்தாலும் ஈரப்பாறையில் அது கண்ணாடியின் மேல் ஓடுவது போலத்தான்.

மென்மையான ரப்பரையே இரண்டு பக்கமும் போட்டுவிடலாமே என்று நீ கேட்பாய். நீ மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏற்றி வராமல், முப்பது கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் மிதித்தே வருபவன். மென்மையான பின்டயர் அந்தச் சூடான தாரில் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒரே டயரில் இரண்டு மூன்று வகை ரப்பரைக் கலந்து, நடுவில் கடினமாகவும் ஓரத்தில் மென்மையாகவும் செய்கிறார்கள். வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது ஓரத்துப் பட்டன்கள்தானே. சில டயர்களில் நடுப் பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் நடுவே ஒரு வெற்று வாய்க்கால் இருக்கும். மாக்ஸிஸின் மினியன் டி.எச்.எஃப். அப்படிப்பட்டது, அதில் அரைகுறையாகச் சாய்த்தால் பிடிமானம் சற்றே தொலைந்தது போலத் தோன்றும், துணிந்து சாய்த்தால் கத்தி போலப் பிடிக்கும். நான் முன்னால் அதையே வைத்திருக்கிறேன். நீ துணிந்து சாய்ப்பவன் அல்ல என்பதால் உனக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

உன் சனிக்கிழமைப் பாதைகளின் குணம் வேறு. வெயில் காலத்தில் அவை இறுகிப்போன தரை. அதன் மேல் உதிரிச் சரளை. அதில் உயரமான பட்டன்கள் நெளிந்து, உன் உழைப்பை வீணாக்கும். கரிசல் உள்ள இடத்தில் ஒரு மழை பெய்தால் எந்தப் பட்டனும் உதவாது. மண் டயரில் ஏறி, பிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தை நிறுத்திவிடும். அன்று வீட்டில் இருந்துவிடு. அங்கே உனக்கு உண்மையான எதிரி சீமைக்கருவேல முள்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டயர் வாங்குவதற்கு முன் காற்றழுத்தம் பார்க்கும் ஓர் அளவுமானியை வாங்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கச் சொன்னால் நாற்பது, ஐம்பது பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) ஏற்றிவிடுவார்கள்; டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு மட்டுமே, ஓட்ட வேண்டிய அளவு அல்ல என்பதை அங்கே யாரும் யோசிப்பதில்லை. காற்று மிகுந்த டயர் கல்லின் மேல் துள்ளும். குறைந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கி, அதிகப் பரப்பைத் தரையில் பதிக்கும். மிகவும் குறைந்தால் ரிம் கல்லில் இடிக்கும். டியூப் இருந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு வெட்டுகள் விழும். உன் எடை எழுபத்தைந்து கிலோவுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், டியூபுடன் முன்னால் 27, பின்னால் 30 பி.எஸ்.ஐ.; ட்யூப்லெஸ்ஸாக மாற்றினால் முன்னால் 21, பின்னால் 24. இவற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டே போய், ரிம் கல்லில் தட்டும் ஓசை கேட்கும் நாளில் இரண்டைக் கூட்டி அங்கேயே நிறுத்திக்கொள். உன் பழைய டயரிலேயே இதைச் செய்து பார்த்தால், புது டயர் வாங்க வேண்டும் என்ற எண்ணம்கூடத் தணிந்துவிடலாம்.

இதில் எனக்கு ஒரு சிறு வேடிக்கையும் கிடைத்தது. கோவையில் அளந்த காற்று இங்கே வந்தால் மாறுமா என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏறி வருவதால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறைகிறது, ஆகவே மானி அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கோவை வெயிலை விட்டு பதினைந்து டிகிரி குளிர்ந்த இடத்துக்கு வருவதால், டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கிட்டத்தட்ட அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மலை ஏறியவுடன் காற்றைத் திறந்துவிட வேண்டும் என்று உன் நண்பர்கள் சொல்வதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

அகலத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. உன் இப்போதைய டயரின் ஓரத்தில் 57-622 என்று இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்பதுதான் கடைகளில் 29 அங்குலம். முன்னால் 60 வரை போகலாம். பின்னால் 57-க்கு மேல் உன் பழைய பிரேம் இடம் கொடுக்காது என்று நினைக்கிறேன். இருபுறமும் ஆறு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் செம்மண்ணே பிரேமின் வண்ணத்தைத் தேய்த்துவிடும்.

இனி முள். டியூபைக் கைவிட்டுவிடு. ரிம்முக்கு நாடா ஒட்டி, வால்வு பொருத்தி, ஒவ்வொரு டயரிலும் எண்பது மில்லிலிட்டரிலிருந்து நூறு வரை லேட்டக்ஸ் கலவையை ஊற்றினால், முள் குத்திய ஓட்டையைக் கலவையே அடைத்துவிடும். நீ கவனிக்கக்கூட மாட்டாய். கீழ்நாட்டு வெப்பத்தில் அது இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால், காலண்டரில் குறித்து வைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். இந்தச் சோம்பேறித்தனத்தால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்: காய்ந்த டயருடன் கொடநாடு சாலையில் நடந்து திரும்பியிருக்கிறேன். முதல்முறை டயரை ரிம்மில் உட்காரவைக்கக் கைப்பம்பு போதாது. பஞ்சர் கடைக் கம்ப்ரெஸ்ஸர் வேண்டும். அதன் முனை உன் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தாது. ஒரு பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொள். மாற்று டியூப் ஒன்றையும் எப்போதும் கையில் வைத்திரு, ஏனென்றால் பக்கச்சுவரைக் கூரான கல் கிழித்தால் கலவையால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பக்கச்சுவரில் கூடுதல் துணி அடுக்கு உள்ள வகையையே வாங்கு. ஒரு டயருக்கு நூறு கிராம் எடை கூடினாலும் பரவாயில்லை.

நீ கேட்ட பெயர்களைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் எழுதினால் மற்றவற்றைப் படிக்க மாட்டாய் என்பதால். முன்னால் ஷ்வால்பே நாபி நிக் 2.35 அங்குலம், பட்டன்களின் நடுவே வெற்று வாய்க்கால் இல்லாததால் சற்றே சாய்த்தாலும் பிடிக்கும். பின்னால் மாக்ஸிஸ் ஐகான் 2.2 அங்குலம், அதன் தாழ்ந்த நெருக்கமான பட்டன்கள் தார்ச்சாலையிலும் இறுகிய தரையிலும் இலகுவாக உருளும். ஈரக்களியில் ஏற்றத்தில் அது சுழலும். அந்த இருநூறு மீட்டரை நீ இறங்கித் தள்ளிக்கொண்டு போ, முழங்காலுக்கும் நல்லது. வாங்கும்போது கம்பி விளிம்பு உள்ள மலிவான வகையை எடுத்துவிடாதே. ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றது என்ற குறிப்பு டயரின் ஓரத்தில் இருக்கிறதா என்று பார். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டுவது. பட்டறைப் பையன்கள் அதைத் தலைகீழாக மாட்டிவிடுவார்கள்.

தை பிறந்ததும் வா. அதற்குள் மழை ஓய்ந்து, பாதை இறுகி, காலையில் மட்டும் பனியில் நனைந்திருக்கும். தோட்ட மேலாளரிடம் அனுமதி கேட்டு வைக்கிறேன். சோலைப் பக்கம் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது என்பதால் அங்கே போக வேண்டாம். விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளில் காட்டு மாடுகள் நிற்கின்றன. வளைவுகளில் மெதுவாக வர வேண்டும். இப்போதைக்கு உன் ரிம்மின் உள் அகலத்தையும், பின் பிரேமின் இடைவெளியையும் அளந்து எழுது. ரிம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முன்டயரின் அளவைப் பற்றி இன்னொரு முறை யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
பாலு