யோஹான் சந்தானாவின் பெயரை மீண்டும் வாக்குச்சீட்டில் சேருங்கள்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மண்டபம்) நிர்வாகக் குழுவினருக்கும், வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

2025 ஜனவரியில் வெளியான புகழ் மண்டப வாக்கெடுப்பு முடிவுகளில் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் தம் முதல் ஆண்டிலேயே 20.6 விழுக்காடு பெற்றதைக் கண்டு மகிழ்ந்தேன். அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஏழாண்டு மனக்குறை ஒன்றும் சேர்ந்தே கிளர்ந்தது. 2018இல் யோஹான் சந்தானாவுக்கு 422 வாக்குச்சீட்டுகளில் 10 மட்டுமே கிடைத்தன. ஐந்து விழுக்காட்டை எட்டாதவரின் பெயரை நீக்கும் உங்கள் விதிப்படி ஒரே ஆண்டோடு அவர் வெளியேற்றப்பட்டார். வெனிசுவேலாவில் பிறந்த பிட்ச்சர்களான (பந்து வீசுபவர்களான) இவ்விருவரின் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டங்களைக் காட்டும் ஈ.ஆர்.ஏ. குறைவாக இருப்பதே சிறப்பு: ஹெர்னாண்டஸின் ஈ.ஆர்.ஏ. 3.42, சந்தானாவினுடையது 3.20. மைதானத்தையும் காலத்தையும் கருத்தில் கொண்டு, சராசரிப் பிட்ச்சரை 100 என வைத்து அளந்தால் (இதில் கூடுதலே சிறப்பு) முன்னவர் 117, பின்னவர் 136. ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது முன்னவருக்கு ஒன்று, பின்னவருக்கு இரண்டு. ஹெர்னாண்டஸ் சுமார் 700 இன்னிங்ஸ் கூடுதலாக வீசியவர் என்பதை மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒருவருக்கு ஆண்டுதோறும் மறுபரிசீலனையும் மற்றவருக்கு ஒரே நாளில் கதவடைப்பும் என்ற அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதா?

சந்தானாவுக்கு எதிராகச் சொல்லப்படுவது, அவர் வென்றவை 139 ஆட்டங்களே என்பது. இந்த அளவுகோல் அவரை முன்பே ஒருமுறை வஞ்சித்திருக்கிறது. 2005இல் 2.87 ஈ.ஆர்.ஏ.வுடன் லீக்கிலேயே அதிக ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளரை வெளியேற்றுவது) எடுத்த அவரை சை யங் வாக்கெடுப்பில் மூன்றாமிடத்தில் நிறுத்திவிட்டு, 3.48 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த பார்ட்டோலோ கோலோனுக்கு, 21 வெற்றிகளைக் காட்டி விருதளித்தது உங்கள் சங்கம். ஐந்தே ஆண்டுகளில், வெற்றி எண்ணிக்கை பிட்ச்சரின் திறனைச் சொல்வதில்லை என்று உணர்ந்து, 13 ஆட்டங்களை மட்டுமே வென்ற ஹெர்னாண்டஸுக்கு அதே விருதை வழங்கினீர்கள். அது சரியான முடிவு. அப்படியானால், நீங்களே கைவிட்ட அளவுகோலால் சந்தானாவை 2018இல் மறுபடியும் அளந்தது எவ்வகை நியாயம்? 2005இலும் விருது அவரிடம் வந்திருந்தால் தொடர்ந்து மூன்று சை யங் விருதுகள் வென்ற ஒருவரை 10 வாக்குகளோடு அனுப்பியிருப்பீர்களா?

குறுகிய காலம் ஆடியவர் என்பது தடையென்றால், புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற பிட்ச்சர் சாண்டி கூஃபாக்ஸும் அவரைப் போலவே 12 பருவங்கள் ஆடியவர்தாம். பந்துவீச்சுக்குச் சாதகமான காலத்தில் வீசிய கூஃபாக்ஸின் சரிசெய்த ஈ.ஆர்.ஏ. (மேலே 100ஐ அடிப்படையாக வைத்துச் சொன்ன அளவு) 131. உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் கூஃபாக்ஸ் செய்தவற்றுக்குச் சந்தானாவிடம் ஈடில்லை. இருவரும் சமம் என்று நான் வாதிடவுமில்லை. கூஃபாக்ஸுக்கு முதல் ஆண்டிலேயே திறந்த கதவை இவருக்கு ஓராண்டுக்கு மேல் திறந்து வைக்கவும் மறுத்தது ஏன் என்றே கேட்கிறேன்.

2012 ஜூன் 1ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோள் அறுவைச் சிகிச்சையால் முந்தைய பருவம் முழுவதையும் இழந்து திரும்பிய சந்தானா, நியூயார்க் மெட்ஸ் அணிக்கு 1962 முதல் 8,019 ஆட்டங்களில் கிட்டாத நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம்) 134 பந்துகள் வீசிப் பெற்றுத் தந்தார். அந்தப் பருவம் முடியும் முன்பே அவரது ஆட்டம் நின்றது. அடுத்த வசந்தத்தில் அதே தோள் மீண்டும் கிழிந்தது. அந்த இரவுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. ஆனால் தோளில் வலு இருந்த வரையில் அணிக்காக எறிந்த ஒருவரிடம், இன்னும் 60 வெற்றிகள் சேர்க்கவில்லையே என்று குறை கூறுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

பத்துப் பெயர்களுக்கு மேல் எழுதக் கூடாத சீட்டில், தகுதியானவர்கள் நெருக்கியடித்த ஆண்டில், ஐந்து விழுக்காடு என்பது தகுதியை அளக்கும் கோடாக இருக்க முடியாது. எழுத்தாளர் வாக்கெடுப்பில் தேர்வாகாதவர்களைப் பின்னர் பரிசீலிக்கும் காலக் குழுவின் தேர்விலும் ஐந்து வாக்குகளுக்குக் குறைந்தவரை அடுத்த சுற்றிலிருந்து விலக்கும் புதிய விதியை 2025இல் சேர்த்திருக்கிறீர்கள். விவாதமே நடக்காமல் பெயர்களை அழிப்பதில் ஏன் இத்தனை அவசரம்?

கடுமை தொனித்திருந்தால் பொறுத்தருளுங்கள். காலக் குழுவின் முன் அவர் பெயர் வரக்கூடிய முதல் வாய்ப்பிலேயே யோஹான் சந்தானாவை வாக்குச்சீட்டில் சேர்க்குமாறும், அவருடைய வெற்றிகளை மட்டும் எண்ணாமல் 2,025 இன்னிங்ஸையும் முழுமையாக மதிப்பிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேஸ்பால் கணக்குகளை விடாமல் படித்துவரும் ஒரு ரசிகன்