மூன்று வருடப் படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலி-ஒளித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் எதற்கு, பெரிய கம்பெனிகளே செய்துகொள்ளாதா என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை கேட்டிருந்தது. அப்படியே கொடுத்தாலும், மூன்று வருடத்தில் என்ன பொருள் சந்தைக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டுமாம். இந்த இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது.

பத்துக் கை மாறி வந்த வாட்ஸ்அப் படம் ஒன்றை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு, 64 புள்ளிகள். படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் முறை படத்தை இப்படித் துண்டு போட்டு, கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுத்தான் கோப்பைச் சுருக்குகிறது. அதற்கு அடியில் ஓடுவது, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதும் கணக்கு; பெயர் டிசிடி. வீடியோ அழைப்புக்கும் இதே வம்சம்தான்.

இந்த டிசிடியை ஆராய 1972-இல் பொறியியல் பேராசிரியர் நசீர் அகமது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவர் கண்ட குறை! கோடை மாதங்களுக்குச் சம்பளம் இல்லாமலே மனிதர் வேலையைத் தொடர்ந்தார். டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. மற்ற மாதங்களில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அதுவும் பொதுப்பணம்தான், என்ன பொருள் வரும் என்று கேட்காத பொதுப்பணம்.

திட்டம் போட்டுச் செய்ததாவது சொன்னபடி நடந்ததா? 1987-இல் தொடங்கிய ஐரோப்பாவின் யுரேகா 147, டிஜிட்டல் வானொலிக்கான திட்டம். அதையொட்டி ஜெர்மனியின் எர்லாங்கனில் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்த வேலை எம்பி3 என்ற ஒலிச் சுருக்க முறை ஆனது. ஆனால் அந்த வானொலி எடுத்துக்கொண்டது அதன் பங்காளி முறையான எம்பி2-வை. எம்பி3 இணையத்தில் போய்ப் பிழைத்துக்கொண்டது. மூன்று வருடப் படிவத்தை நீட்டியிருந்தால் இரண்டு தரப்புமே அதில் பொய்தான் எழுதியிருக்க வேண்டும்.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன். எம்பி3-க்கான உரிமக் கட்டணம் 2017 வரை வசூலானது. பொதுப்பணத்தில் முளைத்ததற்கு மக்கள் எத்தனை முறை காசு கொடுப்பது? கணக்குக் கேட்பதென்றால் அங்கே கேட்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்