சாயப் பட்டறைக்குத் தெரிந்த பேட்டரி வேதியியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்வண்டி பேட்டரிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை லித்தியம், சோடியத்தோடு நின்றுவிட்டது. பொட்டாசியத்தையும் சேர்த்திருக்க வேண்டும். பூமியின் மேலோட்டு எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் பொட்டாசியம். அலுமினியத்தோடு அது கலவையாவதில்லை. அதனால் எதிர்மின்முனையில் மின்சாரத்தைச் சேகரிக்கச் செம்புத் தாள் தேவையில்லை, அலுமினியத் தாளே போதும்.

தொல்லை பொட்டாசியம் அயனியின் (மின்னூட்டம் பெற்ற அணுவின்) பருமனில் இருக்கிறது. எதிர்மின்முனையில் வழக்கமாகப் பயன்படும் கிராஃபைட், லித்தியம் ஏறினால் 10 சதவீதம் உப்பும்; பொட்டாசியம் ஏறினால் 60 சதவீதம் உப்புகிறது. தளர்வாக அடுக்கப்பட்ட கரிம மூலக்கூறுகள் இந்தப் பெரிய அயனிக்கு இடம் கொடுக்கின்றன. அவற்றில் பல சாயத் தொழிலைச் சேர்ந்தவை: ஆந்த்ராகுயினோன், சிவப்பு நிறமிகளுக்கு மூலமான பெரிலீன் டையன்ஹைட்ரைடு.

குடியாத்தம் பக்கம் நூலுக்கு வாட் சாயம் போட்டவர்களுக்கு இது பழகிய வேதியியல். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோவும் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) சேர்த்தால் ஆந்த்ராகுயினோன் போன்ற குயினோன் சாயம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நீரில் கரையும். நூலில் ஏறிக் காற்றுப் பட்டதும் எலக்ட்ரானை விட்டுவிட்டு, கரையாமல் அங்கேயே தங்கிவிடும். பேட்டரியிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் இங்கே எந்த நிலையிலும் கரையக் கூடாது. கரைந்தால் சார்ஜ் ஏற ஏற, இறங்க இறங்க மின்முனை, அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளிக்குள் கசிந்து தேய்ந்துபோகும். இதைத் தடுக்க, மூலக்கூறுகளைக் கந்தகத்தால் கோத்து நீண்ட சங்கிலியான பாலிமராக்கலாம். பெட் பாட்டிலின் மூலப்பொருளான டெரிப்தாலிக் அமிலத்தில் செய்வதுபோலப் பொட்டாசியம் உப்பாக்கலாம். மின்பகுளியில் உப்பின் செறிவைக் கூட்டலாம். எனக்குப் பாலிமர் வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

இப்பொருள்கள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் கார்பன் தூளை நிறையக் கலக்கிறார்கள். கொள்ளளவை, அதாவது ஒரு கிராம் பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேமிக்கும் என்பதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கார்பனின் எடை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. முழு மின்முனையின் எடைக்கு எவ்வளவு என்று சொல்லாத எண்ணை மாணவர்கள் நம்பக் கூடாது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளின் எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் இதைத் திட்டப்பணியாக எடுக்கலாம். மின்முனைப் பொருளைக் கரைப்பானில் ஊறவைத்து, நிறம் இறங்குகிறதா என்று யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தாலே முதல் பதில் கிடைத்துவிடும். கூடவே, மிஞ்சும் கரைப்பானும் மின்பகுளியில் சேர்க்கும் ஃபுளோரின் உப்பும் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எழுத வேண்டும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்த மாவட்டம் நம்முடையது.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தாரிடம் இதுபற்றிக் கேட்டு, உங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக எழுதும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வாலாஜாபேட்டை.