பெயர் சொல்ல முடியாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோலாலம்பூர் வழக்கறிஞர் நண்பர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே,

போன வருடம் பாதியில் நான் நீதிமன்றப் பக்கமே வராமல் போனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பீர்கள். லண்டனில் செட்டிலாகிவிட்டேன் என்றுகூட ஒருவர் சொன்னாராம். எங்கும் போகவில்லை, செந்தூலில் என் வீட்டில்தான் இருந்தேன். தூக்கம் போய், பசி போய், நீதிமன்றத்தின் இணைய வழக்குத் தளமான ஈ-ரிவ்யூ திரையைத் திறந்தாலே கை நடுங்குகிற நிலைமை. அப்பாவுக்குப் பக்கவாதம், தொழில் கூட்டாளியும் பிரிந்துபோய்விட்டார். சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம். தாங்கிப் பிடித்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர் ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயரை அவரும் கேட்கவில்லை. மனம் உடைந்தவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேச, 1970 முதல் இங்கே இயங்கிவரும் அமைப்பு அது. விடியற்காலையில் அழைத்தாலும் ஆள் இருக்கிறார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்டார். வீட்டில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள், வாயைக் கழுவு என்பார்கள். அந்த நேரத்திலும் எனக்குத் தண்டனைச் சட்டம் 309-வது பிரிவுதான் ஞாபகம் வந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த அந்தப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. தொழில் புத்தி எங்கே போகும்! ஆனால் அது இல்லை என்ற தைரியத்தில்தான் உண்மையைச் சொன்னேன்.

அடுத்து என் ஆலோசகர். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர். அவரிடம் போகவே தயங்கினேன். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 126-வது பிரிவு பூட்டி வைத்திருக்கிறது. நம் மனதை அரிப்பதில் பாதி அவர்கள் கதை. அதை விட்டுவிட்டு எதைப் பேசுவது? “பெயரும் வழக்கும் எனக்கு வேண்டாம். கோப்பை மூடிய பிறகு உங்களுக்கு என்ன ஆகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார். அது போதுமானதாக இருந்தது.

முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டி வரும் என்று அதில் எழுதியிருந்தது. வரிவரியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் வாசகத்தைத் திருத்தலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் விதிவிலக்கு என்ன என்பதை முன்கூட்டியே சொன்ன அந்த நேர்மைதான் என்னைக் கையெழுத்துப் போட வைத்தது. விஷயம் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகக் கேன்டீனுக்குப் போனால், இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தரும் பேனல் கோப்புகள் என்னிடம் தங்குமா என்பதுதான் என் பெரிய பயம். சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2021-இல் வெளியிட்ட உலக ஆய்வில், மனநலம் பற்றி முதலாளியிடம் பேசினால் பிழைப்பு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் 41 விழுக்காடு. எனக்கு முதலாளியே கிடையாது, பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம், எனக்காக மென்ஷன் (வழக்கின் நிலவரம் சொல்லி அடுத்த தேதி வாங்கும் சிறு அமர்வு) நின்றவர்களே! யாரும் காரணம் கேட்கவில்லை. “எந்த கோர்ட், எத்தனை மணி, என்ன கேட்க வேண்டும்?” இவ்வளவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் ஒருவர் அதற்கு முந்தின மாதம்தான் எதிர்த்தரப்பில் நின்று என்னைப் பிழிந்து எடுத்தவர். அவருக்கு இரட்டிப்பு நன்றி, கொஞ்சம் கோபமும் பாக்கி இருக்கிறது.

என் அலுவலகக் கிளார்க் அக்காவை எந்தத் தராசில் நிறுப்பது? ஒவ்வொரு கோப்பின் மேலும் மஞ்சள் தாள் ஒட்டி, அடுத்த தேதியையும் நிற்கப்போகிறவர் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கட்சிக்காரர்கள் அழைத்தால், “லாயர் லீவு, உங்க வேலை நடக்குது” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

சேம்பரிங் (வழக்கறிஞர் பயிற்சி) செய்யும் தம்பி, தங்கைகளுக்கு: சுகாதார அமைச்சின் மனநல உதவி அழைப்பான ஹீல் எண் 15555. கைப்பேசியில் போட்டு வையுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

நான் திரும்பி வந்துவிட்டேன். செவ்வாய், வியாழன் காலையில் ஜாலான் டூத்தாவில்தான் இருப்பேன். மென்ஷன் நிற்க ஆள் வேண்டுமென்றால் முந்தின நாள் இரவுக்குள் சொல்லுங்கள், காரணம் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
செந்தூல் வழக்கறிஞர் ஒருத்தி