ஆற்று முகத்துவாரங்களில் நெகிழிக் குப்பையைத் தடுத்து எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: கடைமடை விவசாயிகள், மீனவர்கள், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம்.

பொருள்: கடைமடை நீரொழுங்கிகளில் மிதவைத் தடுப்பு, மீன்பிடித் துறைமுகத்தில் வலைக்கழிவு சேகரிப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோடை முழுக்க வாய்க்காலிலும் படுகையிலும் சேரும் பை, பொட்டலத்தாள், தெர்மாகோலை, மேட்டூர் அணை திறந்ததும் வரும் புதுத்தண்ணீர் ஒரே வீச்சில் தள்ளிவருகிறது. வெட்டாறு, கடுவையாற்றுக் கடைமடையில் நீரொழுங்கியின் ஷட்டர் இறங்கியிருக்கும்வரை அது தேங்கி நிற்கும். ஏற்றியதும் கடலுக்குப் போய்விடும். கையால் அள்ள அதுவே கடைசி இடம். 30 செ.மீ. சதுரத் தாள் ஒன்று வெயிலிலும் அலையிலும் 5 மி.மீ. துண்டுகளாக நொறுங்கினால் 3,600 துண்டு. அதன்பின் அரித்தெடுக்க வழியே இல்லை. மத்தி மீன் அதை இரையோடு சேர்த்து விழுங்கும்.

இந்தியா 1995-இல் ஏற்ற ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 207-ஆவது பிரிவு, நிலத்திலிருந்து கடலுக்கு வரும் மாசைத் தடுக்கச் சொல்கையில் ஆறுகளையும் கழிமுகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நெகிழி மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தத்துக்கான ஜெனீவா பேச்சு 2025 ஆகஸ்டில் முடிவின்றிக் கலைந்தது உண்மைதான். இந்தக் கடமை அதற்காகக் காத்திருக்கவில்லை.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, ஒழுங்கிக்குச் சற்று மேலே மிதவைத் தடுப்புக் கட்ட வேண்டுகிறோம். ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் நடுவில் வளைந்து, குப்பை அடியில் நழுவிவிடும். கரையோடு சுமார் 30 பாகை சாய்த்துக் கட்டினால் ஓட்டமே குப்பையைக் கரைக்கு ஒதுக்கும். கீழே அரை மீட்டர் வலைத்திரை போதும். தினமும் அள்ளாவிட்டால் ஆகாயத்தாமரை அடைத்துத் தடுப்பே அறுந்துபோகும். ஆகவே ஆள்கூலிக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தின்போது கழற்றிவிட வேண்டும், இல்லையேல் வயல் மூழ்கும். அள்ளியதைக் கரையில் குவிப்பதோ கொளுத்துவதோ கூடாது. தூர்வாரிய மண்ணோடு கரையில் கிடக்கும் நெகிழி முதல் மழையிலேயே திரும்ப ஆற்றில் விழுகிறது.

அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் நைலான் வலை வெட்டுத் துண்டுகளுக்கு மூடியுள்ள தொட்டிகளும், எடைக்கு விலையும் வேண்டும். கழிவு வலையைக் கடலில் வீசியெறிவதை, கப்பல்களால் கடல் மாசுபடாமல் காக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு தடுக்கிறது. கரையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யவும் அதுவே சொல்கிறது.

நீர்வளத்துறை, மீன்வளத்துறை, உள்ளாட்சி மூன்றையும் ஒரே கூட்டத்தில் அமர்த்தி, எந்த ஒழுங்கிக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் ஆணையிடப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள், மீனவர்கள்